கொட்டகையிலிருந்து உப்பு வெளி வரை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டதும் ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டேன். கவிதைக்கு நம்ம காலேஜில் பஞ்சமே இல்லை. அரியர்ஸ் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகளும் போன வருஷமே ஏராளமாக வந்துவிட்டன. அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அவர் மந்திரி இல்லை, விஞ்ஞானி இல்லை. நாம் வாங்கப் போகிற டிப்ளமோகூட அவரிடம் கிடையாது. பூமிப்பந்தின் தென்கோடியில் ஒரு கொட்டகைக்குள் சுத்தியலும் அரமுமாக உட்கார்ந்து, அறுபது வயசுக்கு மேல் சாதனை செய்த மனிதர். பெயர் பர்ட் மன்ரோ.

அவர் எனக்கு அறிமுகமானது ஒரு கிழிந்த அலுமினியத் தகட்டால்தான். அந்தக் கதையை முதல்ல சொல்லிடறேன்.

கிழிந்தது மூணு தகடு

எனக்குச் சொந்த ஊர் திருநின்றவூர். சி.டி.எச். ரோட்டுப் பக்கம் எங்க அப்பாவுக்கு ஒரு டிங்கரிங் ஷெட் இருக்கு. நாலு பக்கமும் தகரம், மேலயும் தகரம். அடிபட்டு வரும் வண்டிகளின் மட்கார்டு, கதவு, பானெட் எல்லாத்தையும் தட்டி நிமிர்த்தறது அவர் தொழில். நான் முதல் வருஷம் சேரும்போது விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் சுயதொழில் என்று எழுதினேன். டிங்கர் என்று எழுதக் கை வரலை. கையெழுத்துப் போடும்போது அப்பா அந்த வரியில் ஒரு நிமிஷம் நின்றார். ஒண்ணும் கேட்கலை, போட்டுக் கொடுத்துட்டார்.

போன வருஷம் செமஸ்டர் லீவில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி கட்டினோம். காயலான் கடையில் கிடைத்த பழைய மாருதி 800 எஞ்சின், நாங்களே வெல்டிங் வெச்ச பைப் சேஸிஸ், ஒரே ஒரு சீட். ரோட்டில் ஓட்டறதுக்கு இல்லை. ஒரு நண்பனோட தாத்தா வீட்டுக் களத்துமேட்டில் சுத்தறதுக்கு.

இந்த மாதிரி வீட்டில் கட்டும் வேக வண்டிகளுக்கு அமெரிக்காவில் ஹாட் ராட் என்று பேர். 1930, 1940-களில் அங்கே இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினை முறுக்கேற்றி வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சண்டை விமானங்களின் எரிபொருள் தொட்டிகள் உபரியாகக் கிடைத்தன. 1946-ல் பில் பர்க் என்பவர் அப்படி ஒரு தொட்டியையே காரின் உடம்பாக மாற்றிக் காட்டினார். காற்றைக் கிழிக்கிற வடிவம் ரெடிமேடாகக் கிடைத்தது!

நம்ம திருவள்ளூர் மாவட்டமும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டது இல்லை. ரெட்ஹில்ஸ் தாண்டி சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கு. 1950-கள் தொடங்கி 1980-கள் வரை கார், மோட்டார் சைக்கிள் ரேஸ்கள் அங்கேதான் நடந்தன. கூட்டம் சென்னையிலிருந்து கிளம்பி வருமாம். மாருதி 800 எஞ்சினை வெச்சு ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள் செய்து பல இளைஞர்களை ஏற்றிவிட்டவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கு. அவர் கதையைக் கேட்டுத்தான் எங்களுக்கே இந்த ஆசை வந்தது.

எஞ்சின் ஸ்டார்ட் ஆயிடுச்சு. பிரச்சினை மூக்கில்தான் வந்தது. முன்பக்கத்துக்கு வளைவாக ஒரு மூடி வேணும். பாரிமுனைப் பக்கம் போய் 18 கேஜ் அலுமினியத் தகடு வாங்கி வந்தோம். டிங்கர் மகன் நீதானே, நீயே தட்டு என்று நண்பர்கள் சுத்தியலை என் கையில் கொடுத்துட்டாங்க. அப்பாகிட்ட கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கலை. மெட்டீரியல் சயின்ஸில் எழுபத்தெட்டு மார்க் வாங்கினவன் இல்லையா நான்! ஆனால் முதல் தகடு நடுவில் கிழிந்தது. ரெண்டாவது ஓரத்தில் கிழிந்தது. மூணாவது, முக்கால்வாசி வேலை முடிஞ்ச பிறகு டப்பென்று விரிசல் விட்டது. மூணையும் ஷெட்டுக்குப் பின்னால் மறைச்சு வெச்சுட்டு, இந்த வேலையே வேணாம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் எங்க ஒர்க்‌ஷாப் சார் பர்ட் மன்ரோவைப் பற்றிச் சொன்னார். 2005-ல் அவரைப் பற்றி ஒரு ஆங்கிலப் படம் வந்திருக்கு, அந்தோணி ஹாப்கின்ஸ் நடிச்சது, பாரு என்றார். படத்தைப் பார்த்தேன். அப்புறம் அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன்.

இந்தியன் என்றொரு வண்டி

பர்ட் மன்ரோ 1899 மார்ச் 25-ல் நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கில்லில் பிறந்தார். கூடப் பிறந்த இரட்டைத் தங்கச்சி பிறக்கும்போதே இறந்துவிட்டது. இந்தப் பையனும் ரெண்டு வருஷம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர்கள் சொன்னதாகச் சொல்வார்கள். வளர்ந்தது எடென்டேல் என்ற ஊர்ப் பண்ணையில். மாடு, குதிரை, வயல் என்று இருந்த இடத்தில் அவருக்கு மட்டும் வேகத்தின் மேல் பித்து.

1920-ல், 21 வயசில், ஒரு புது மோட்டார் சைக்கிள் வாங்கினார். அந்த வண்டியின் பேர் இந்தியன் ஸ்கவுட்! நம்ம நாட்டு வண்டி என்று நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் 1901-ல் தொடங்கிய கம்பெனி அது. அந்த நாட்டுப் பழங்குடி மக்களை நினைத்து வைத்த பேர். ஸ்கவுட் சுமார் 600 சி.சி. கொண்ட வி-ட்வின் எஞ்சின். ஷோரூமிலிருந்து வரும்போது அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர். இன்னைக்கு நம்ம காலேஜ் ஸ்டாண்டில் நிற்கும் எந்த பைக்கும் அதைத் தாண்டிவிடும்.

1926-லிருந்து அந்த வண்டியைப் பிரிச்சு மேய ஆரம்பித்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. பகலில் மோட்டார் சைக்கிள் விற்கிற வேலை, மெக்கானிக் வேலை. ராத்திரியில் கொட்டகையில் தன் வண்டி. கல்யாணம் ஆகி நாலு பிள்ளைகள். குடும்ப வாழ்க்கை கடைசி வரைக்கும் நிலைக்கலை. 1940-களின் பிற்பகுதியில் மனைவியைப் பிரிந்து கொட்டகையிலேயே குடியிருந்தார். பித்துக்கு ஒரு விலை உண்டு, அதை அவர் வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்துதான் கொடுத்தார்கள். இதையும் நாம் மறைக்கக் கூடாது.

கையில் காசில்லாத எஞ்சினியர்

அவரிடம் லேட் உண்டு, கையில் காசு கிடையாது. பிஸ்டன் வேணுமா? பழைய உலோகத்தை உருக்கித் தகர டப்பாவில் வார்த்துக் கொள்வார். சிலிண்டர் வேணுமா? மண்ணுக்குள் புதைந்து கிடந்த பழைய வார்ப்பிரும்பு கேஸ் பைப்பை வெட்டிக் குடைந்து கொள்வார். கனெக்டிங் ராடு? கேட்டர்பில்லர் டிராக்டர் ஆக்ஸிலை அறுத்து, அரத்தால் ராவி, ஹார்டனிங், டெம்பரிங் எல்லாம் தானே செய்து கொள்வார். மைக்ரோமீட்டர்கூட ஒரு பழைய சக்கரக் கம்பியிலிருந்து செய்துகொண்டார் என்றால் பார்த்துக்கோங்க! நாம் லேபில் வெர்னியர் சரியில்லை என்று ரெக்கார்டு எழுதாமல் விடுகிறோம்.

சுமார் 600 சி.சி. எஞ்சின் அவர் கையில் 850 ஆனது, கடைசியில் 950 ஆனது. வழியில் உடைந்தவை கணக்கில் அடங்காது. பிஸ்டன், ராடு, வால்வு எல்லாம் வெடித்துச் சிதறும். ஆனால் அவர் எதையும் தூக்கி எறியவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு அலமாரி. உடைந்த பாகங்களை அதில் வரிசையாக அடுக்கி, வேகத்தின் கடவுளுக்குத் தான் வைத்த காணிக்கை இவை என்று பலகை எழுதி வைத்தார்.

படத்தை நான் நிறுத்திப் பார்த்த இடம் அதுதான். ஷெட்டுக்குப் பின்னால் நான் ஒளிச்சு வெச்ச மூணு தகடும் ஞாபகத்துக்கு வந்தது.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதில் இன்னொரு ஞாபகமும் வரும். திருநின்றவூர் பூசலார் நாயனார் கதை எல்லோருக்கும் தெரியும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. கல், மரம், ஆள் எல்லாம் மனசுக்குள்ளேயே சேர்த்து, அஸ்திவாரம் போட்டு, நாள் குறிச்சு, மனசிலேயே கோயில் கட்டி முடித்தார். அதே நாளில் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ ராஜா ஊருக்கு வந்து கோயில் எங்கே என்று தேடினாராம். இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பாட்டி சொல்லும் கதை. மன்ரோ கதையைப் படித்தபோது இந்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி எனக்குத் தோன்றியது. காசில்லாதவன் முதலில் மனசில்தான் கட்டியாகணும்.

காற்று என்னும் சுவர்

இப்போ நம்ம பாடத்துக்கு வருவோம். வேகம் ரெண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். அதைத் தள்ள வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். 89 கிலோமீட்டரில் ஓடிய வண்டியை 295-க்குக் கொண்டு போகணும் என்றால், வடிவத்தை மாற்றாமல் வெறும் எஞ்சினை வெச்சே செய்ய ஏறக்குறைய 37 மடங்கு சக்தி வேணும். எந்தக் கேஸ் பைப் சிலிண்டரும் அதைத் தராது. அப்போ காற்று வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூடு வேணும். மோட்டார் சைக்கிளும் அதன் மேல் குப்புறப் படுத்திருக்கும் மனிதரும் சேர்ந்து அதற்குள் அடங்கணும்.

அந்தக் கூட்டை மன்ரோ அலுமினியத் தகட்டில் கையாலேயே அடித்து உருவாக்கினார். பிரஸ் இல்லை, டை இல்லை. ஒரு ஆள் நீளத்துக்கும் மேலான உடம்பை ஒவ்வொரு தட்டாகத் தட்டி வளைப்பது என்றால் எத்தனை ஆயிரம் அடி விழணும்! அவ்வளவு பாடுபட்டுச் செய்த அலுமினியக் கூட்டோடும் அவர் நின்றுவிடவில்லை. பிற்பாடு ஃபைபர்கிளாஸ் கூட்டுக்கு மாறினார். வருஷக்கணக்கில் தட்டினோமே என்று அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி நான் மூணு தகட்டையும் எடுத்துக்கிட்டு அப்பா முன்னால் போய் நின்றேன்.

அப்பா எடுத்த வகுப்பு

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். மூணு விரிசலையும் விரலால் தடவிப் பார்த்தார். அடி விழ விழ அலுமினியம் இறுகிக்கிட்டே போகும். இறுகினதுக்கு மேல அடிச்சா கிழியத்தானே செய்யும் என்றார். ஒர்க் ஹார்டனிங் என்று நான் நாலு பக்கம் எழுதி மார்க் வாங்கின விஷயம். அவர் அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லை.

நடுநடுவே தகட்டைச் சூடு காட்டி இளக வைக்கணும். அதுதான் அன்னீலிங். ஆனால் இரும்பு மாதிரி அலுமினியம் சிவந்து காட்டாது. 660 டிகிரியில் உருகும் வரைக்கும் வெள்ளையாகவே இருந்து, கண் எதிரில் சட்டென்று ஓட்டை விழுந்துடும். அப்போ சூட்டை எப்படி அறிவது? அப்பா பாத்ரூமிலிருந்து துணி சோப்பை எடுத்து வந்து தகட்டின் மேல் கோடு கோடாகத் தேய்த்தார். பின்பக்கத்திலிருந்து கேஸ் டார்ச்சைச் சீராக ஓட்டினார். சோப்புக் கோடு பழுப்பாகி, கறுத்ததும் நெருப்பை எடுத்துட்டார். சுமார் 350-லிருந்து 400 டிகிரி. தெர்மாமீட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஆறின தகடு கையில் காகித அட்டை மாதிரி வளைந்தது.

அப்புறம் மணல் நிரப்பிய தோல் பை மேல் தகட்டை வெச்சு மரச் சுத்தியலால் தட்டச் சொன்னார். இரும்புச் சுத்தியலால் அடித்தால் தகடு மெலிந்து ஒவ்வொரு அடியும் ஒடுக்காகப் பதியும். நடுவில் குழி வேணும் என்றால் தகட்டை நீட்டணும். ஓரம் உள்ளே வரணும் என்றால் சுருக்கணும். ஓரத்தில் புடவைக் கொசுவம் மாதிரி சின்னச் சின்ன மடிப்பு வெச்சு, அந்த மடிப்பை மேலிருந்து மெல்ல அடித்து உள்ளுக்குள்ளேயே அமுக்கணும். நான் நடுவையே போட்டு அடித்து அடித்து நீட்டிக்கிட்டு இருந்திருக்கேன். கிழியாமல் என்ன செய்யும்! கடைசியில் உள்ளே டாலியைப் பிடித்து, வெளியே தட்டைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மேடு பள்ளத்தைச் சமன் செய்யணும். அதைக் கண்ணால் பார்க்கக் கூடாது, உள்ளங்கையால் தடவிப் பார்க்கணும் என்றார்.

நாலாவது தகடு கிழியவில்லை. ஒன்பது நாள் ஆச்சு. நாலு தடவை சோப்பு போட்டோம்.

உப்பு வெளியில்

மன்ரோ கதைக்குத் திரும்புவோம். ஊர்ப் பக்கத்தில் இருந்த ஒரேட்டி கடற்கரை மணலில்தான் அவர் பழகினார். 1957-ல் நியூசிலாந்துக் கடற்கரை வேகச் சாதனையை மணிக்கு 131.38 மைலாக உயர்த்தினார். ஆனால் முழு வேகம் காட்ட கடற்கரை போதாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் போன்வில் உப்பு வெளி இருக்கு. பழங்காலத்து ஏரி வற்றிப்போய், கண்ணுக்கு எட்டிய தூரம் சமதளமாக உறைந்த உப்பு. 1949-லிருந்து ஹாட் ராட்காரர்கள் வருஷா வருஷம் அங்கே கூடுகிறார்கள். பணத்தைச் சேர்த்து வெச்சு, கடல் கடந்து அங்கே போனார் மன்ரோ.

1962-ல், 63 வயசில், 850 சி.சி. எஞ்சினோடு மணிக்கு சுமார் 288 கிலோமீட்டர் போய் அந்தப் பிரிவில் சாதனை படைத்தார். 1966-ல் இன்னொரு சாதனை. 1967-ல் 68 வயசு. 950 சி.சி. எஞ்சின். 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 183.586 மைல், அதாவது 295.453 கிலோமீட்டர்! தகுதிச் சுற்றில் ஒரு பக்க ஓட்டம் 190.07 மைலைத் தொட்டது. ரிட்டயர்டு ஆகி ஈஸி சேரில் சாய வேண்டிய வயசில், நாற்பத்தேழு வருஷத்துப் பழைய வண்டியில்.

அதே வருஷம் ஒரு ஓட்டத்தில் பாதி தூரத்துக்கு மேல் வண்டி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க மன்ரோ எழுந்து உட்கார்ந்தார். காற்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது, கண் தெரியவில்லை. பாதையை விட்டு விலகி, ஒரு இரும்புக் கம்பத்தை நூலிழையில் தவறவிட்டு, வண்டியைச் சாய்த்து உப்பில் சறுக்கி நிறுத்தினார். சில சிராய்ப்புகளோடு தப்பித்தார். காற்றை வெல்லக் கட்டிய கூடே காற்றிடம் மாட்டிவிடும் என்பதும் நமக்குப் பாடம்தான். ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டும் நண்பர்கள் இந்தப் பத்தியை ரெண்டு தடவை படிக்கவும்!

இதயக் கோளாறு அவரைப் பல வருஷமாகத் தொந்தரவு செய்தது. 1977-ல் பக்கவாதமும் வந்தது. தன் வண்டிகள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று உள்ளூர்க்காரர் ஒருவருக்கே கொடுத்தார். 1978 ஜனவரி 6-ல் காலமானார். இன்வர்கார்கில்லில் ஒரு ஹார்டுவேர் கடையில் அவர் வண்டியைப் பார்வைக்கு வைத்தார்கள். நட்டு போல்ட்டு விற்கிற இடத்தில் அந்த வண்டி நின்றது எவ்வளவு பொருத்தம்!

இன்னும் ஒரு ஆச்சரியம். 2014-ல் அவர் மகன் பழைய கணக்கைப் பார்த்தபோது, 1967-ல் சராசரி போட்டதில் தப்பு இருந்தது தெரிந்தது. அதிகாரிகள் திருத்தினார்கள்: 184.087 மைல். இறந்து 36 வருஷத்துக்கு அப்புறம் மனிதர் இன்னும் கொஞ்சம் வேகமாகிவிட்டார்!

நிறைவாக

எங்க வண்டி களத்துமேட்டில் ஓடியது. எவ்வளவு வேகம் என்று கேட்காதீங்க. பக்கத்தில் கட்டியிருந்த மாடு மிரளவில்லை. மூக்கு மூடியைக் கிட்டத்தில் பார்த்தால் இடது பக்கம் கொஞ்சம் மேடு தெரியும். அப்பா தட்டின வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். கிழிந்த மூணு தகட்டையும் ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டி வெச்சிருக்கேன். வர்ற வாடிக்கையாளர்கள் இது எந்த வண்டி பார்ட்ஸ் என்று கேட்கிறார்கள். என் மகன் பழகினது என்று அப்பா சொல்கிறார்.

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் கும்மிடிப்பூண்டிக்கோ அம்பத்தூருக்கோ ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு போகப் போகிறோம். ஆயிரம் டன் பிரஸ் ஒரே அமுக்கில் ஒரு கதவை அடித்துத் தள்ளும். அந்த மெஷினை ஓட்டும்போது, அந்தத் தகடு எங்கே நீளுது, எங்கே சுருங்குது, ஏன் கிழியுது என்று தெரிஞ்சவன்தான் அதுக்கு எஜமான். அதைத் தெரிஞ்சுக்க மூணு தகடாவது நாம் நம்ம கையால் கிழிச்சிருக்கணும்.

போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஒரு ஃபாரம் கொடுத்தாங்க. தந்தையின் தொழில் என்று அதிலும் ஒரு கட்டம். டிங்கர் என்று எழுதினேன். சுத்தமான, பெரிய எழுத்தில்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை